கடைசி ஆள்

வாடகை சைக்கிள் கடையில் நோட்டில் பேர் எழுதும்போது கடைக்காரர் கேட்டார்: "எட்டு வண்டியா? என்ன சார், ஊர்வலமா?"

துண்டறிக்கையில் 'நிலைத்த வளர்ச்சித் திட்டங்களைக் காணும் சைக்கிள் பயணம்' என்று போட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. முதலில் 'வளங்குன்றா வளர்ச்சி' என்று எழுதி, அடித்து, 'நீடித்த நிலைத்த' என்று நீட்டி, அதையும் அடித்து வந்து சேர்ந்த சொல் அது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. அடுத்தவர் எழுத்தில் இருபத்தாறு வருஷமாகப் பிழை பார்க்கிறவனுக்குத் தன் அரைப்பக்கத் தாளுக்கு ஒரு சொல் அமையவில்லை.

"மரம், ஏரி, மண்ணுல செய்யற கல்லு. ஆரோவில் பக்கம். பாத்துட்டு சாயந்திரம் திரும்பிடுவோம்."

"செம்மண்ணா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எடுத்து நிறுத்தியிருந்த எட்டில் இரண்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, டயரில் பட்டன் தேயாத வேறு இரண்டை முன்னே உருட்டினார்.

*

வழி பார்க்க இரண்டு முறை தனியாகப் போய்வந்தேன். தனியாகப் போகிறவனுக்கு வழி என்றால் சாலை, அவ்வளவுதான். பதின்மூன்று பேராகப் போக வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் அதே சாலை வேறு சாலையாகிவிடுகிறது. எந்த மரத்தடியில் பதின்மூன்று சைக்கிள் நிற்கும்? பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள்? எந்தக் கடையில் குடம் நிறையத் தண்ணீர் கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள்? குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால் பார்க்கப்போகும் இடங்களைப் பற்றி நாலு வரிதான் இருக்கிறது. மீதியெல்லாம் இப்படி: பூத்துறைக்கு முன் பெரிய வேம்பு. அம்மன் கோயில் வாசல் குழாய், காலையில் மட்டும். பெட்ரோல் பங்க் கழிப்பறை, சாவி கல்லாவில்.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து குயிலாப்பாளையம் போகும் சாலையில் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அது மேடு என்று மிதித்த அன்றுதான் தெரிந்தது. உச்சிக்குப் போனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர். கண் ஒப்புக்கொள்ளாது, தொடை சொல்லிவிடும். ஆரோவில் பற்றிய கட்டுரைகளில் 'பீடபூமி' என்று வரும்போதெல்லாம் மிகை என்று மனசுக்குள் அடித்து வைத்திருந்தேன். திரும்பி வந்து, ஓரத்தில் 'அப்படியே இருக்கட்டும்' என்று குறித்துக்கொண்டேன்.

*

தை பத்து. நாலாம் சனி, பேங்க் லீவு. விடிய இன்னும் நேரமிருந்தது. பாரதி பூங்கா திறக்கவில்லை. கம்பிக்கு வெளியே நின்று, உள்ளே வெள்ளையாய் மங்கித் தெரிந்த ஆயி மண்டபத்தைக் காட்டினேன்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். அந்த வழியாகப் போன கிருஷ்ணதேவராயர், விளக்குகள் ஏற்றிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். அது தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னார். ஆயி, தானே இடித்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கி, வீடிருந்த இடத்தில் குளம் வெட்டினாள். பின்னாளில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்தரையர்பாளையத்திலிருந்து இந்தப் பட்டணத்துக்கு பிரெஞ்சுக்காரர்கள் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாகத்தான் மண்டபத்துக்கு அவள் பெயர். ராஜாவுக்கும் சக்கரவர்த்திக்கும் நடுவே நிற்கிற ஒரு பெண்ணின் பெயர் அது. புறப்பட இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

மூன்று பேர் தங்கள் சைக்கிளைக் காரின் மேல் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் ஒருமுறை காரைப் பார்த்தோம்.

ஆளை எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு. யாரைக் காணோம் என்று தெருமுனை வரை போய்ப் பார்த்தேன். கோட்டக்குப்பத்திலிருந்து, பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளில் வந்திருந்த பிளஸ் டூ பெண், "உங்கள எண்ணினீங்களா சார்?" என்றது. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் ஆற்றைக் கடந்த சீடர்களைப் படித்துச் சிரித்த வயது ஞாபகம் வந்தது.

*

ஒரே ஒரு விதிதான் வைத்தேன். யார் முன்னால் போனாலும் சரி, எனக்குப் பின்னால் யாரும் வரக்கூடாது. திருப்பத்தில் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும், நான் வந்து சேரும்வரை.

முன்னால் போகிறவருக்குச் சாலை தெரியும். கடைசி ஆளுக்கு மனிதர்கள் தெரிவார்கள், அதுவும் முதுகுப் பக்கமாக. யாருடைய செயின் தளர்ந்திருக்கிறது, யாருடைய சீட் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கிறது, யார் பேச்சை நிறுத்திவிட்டார், யார் இடது காலால் மட்டும் அழுத்துகிறார். என் தொழிலுக்கு இது புதிதில்லை. எல்லோரும் எழுதி, கோத்து, வடிவமைத்து முடித்த பிறகு கடைசியாகக் கைக்கு வருகிற தாள் எனக்குப் பழக்கம்.

முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாகவும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டிருந்தேன். பத்தைத் தாண்டவில்லை. கணக்கு யாருக்காகப் போட்டது என்று யோசித்தால், எனக்காகத்தான்.

*

பெரியமுதலியார்சாவடி தாண்டி மேடேறுகையில் பேச்சு நின்றது. மூச்சும் செயினும்தான் கேட்டன.

இந்த மேட்டில் 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து ஒரு பளிங்குத் தாழியில் இட்டார்கள். அப்படித்தான் ஆரோவில் தொடங்கியது. அந்த நாளின் பழைய புகைப்படங்களில் நான் பார்ப்பது கூட்டத்தை அல்ல, கூட்டத்துக்குப் பின்னால் இருக்கிற வெறுமையை. ஓர் ஆலமரம், சில பனைகள், மற்றபடி அடிவானம் வரை செம்மண். உலகத்து மண்ணெல்லாம் வந்து சேர்ந்த இடத்தில் அந்த ஊரின் சொந்த மேல்மண் ஒவ்வொரு ஐப்பசி மழையிலும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது இருபுறமும் காடு. மரம் நட்டதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் முதல் வேலை மரம் இல்லை. வரப்பு. சரிவுக்குக் குறுக்கே, முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று மண் அணைத்து, விழுந்த மழை விழுந்த இடத்திலேயே நிற்கும்படி செய்தார்கள். ஓடைகளில் தடுப்புக் கட்டினார்கள். பிறகு ஆடு மாடு நுழையாமல் வேலி. அதற்கப்புறம்தான் கன்று. சைக்கிளிலிருந்து இறங்கி, காட்டுக்குள் பத்தடி நடந்தால் அந்த வரப்புகள் காலில் இடறும். சருகு மூடி, வேர் ஓடி, யாரோ கட்டியது என்றே தெரியாது. கல்லூரிப் பையன் ஒருவன் இடறி விழப்பார்த்து, "இது என்ன சார் மேடு?" என்று கேட்டான். அன்றைக்கு நான் ஆயத்தமாக வைத்திருந்த எந்தப் பேச்சும் அந்த இடறலுக்கு ஈடாகவில்லை.

நிழலுக்காக அவசரமாக வளர்த்தது ஆஸ்திரேலிய அகேசியா. அதன் நிழலில் மெல்ல வளரும் உள்ளூர்க்காரர்கள்: வீரை, காசான், கருங்காலி, உலக்கைப்பாலை. இவற்றின் விதைக்கு எங்கெங்கோ போக வேண்டியிருக்கவில்லை. புத்துப்பட்டு ஐயனார் கோயில் போன்ற கோயில்காடுகளில், சாமிக்குப் பயந்து யாரும் கோடாலி வைக்காமல் விட்ட மரங்கள் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது, அவசரமாக வளர்ந்தவைதான் அதிகம் சாய்ந்தன என்று அங்கே சொல்வார்கள்.

வெட்டப்பட்ட மரங்களும் உண்டு. 2021 டிசம்பரில் வட்டச்சாலைக்காக மரங்களைச் சாய்த்தபோது ஆரோவில்காரர்களுக்குள்ளேயே பெரிய பிளவு. பசுமைத் தீர்ப்பாயம், பிறகு உச்ச நீதிமன்றம் என்று போய், வேலையைக் கட்டுப்படுத்திய தீர்ப்பாயத்தின் ஆணையை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எங்களோடு வந்த பேங்க் ஊழியர் இதைப் பற்றி என் கருத்தைக் கேட்டார். காட்டை உண்டாக்கியவர்களே அதன் நடுவில் கோடு போடும்போது வெளியாள் என்ன சொல்வது என்று நழுவினேன். அது நழுவல்தான். எனக்குக் கருத்து இருந்தது. மரத்தின் பக்கம்.

*

பண்ணைக்கு வந்து சேர்ந்தோம். கதவு பூட்டியிருந்தது.

பத்தரை மணி. இங்கேதான் கூழும் விளக்கமும் என்று சொல்லி வைத்திருந்தேன். போன் செய்தேன். மறுமுனையில் கோபமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "போன சனிக்கிழமை காத்திருந்தோமே, பதின்மூணு பேருக்குக் கூழ் கரைச்சு வச்சு…"

நான் எழுதிய கடிதத்தில் 'பொங்கலுக்கு அடுத்த சனி' என்று இருந்தது. பொங்கல் முடிந்து ரெண்டாம் நாளே ஒரு சனி வந்துபோனது. பொங்கல் கலகலப்பெல்லாம் அடங்கி வருகிற சனியைத்தான் நான் நினைத்திருந்தேன். தேதியை எண்ணால் எழுதியிருக்க வேண்டும். யாராவது எழுத்தாளர் இப்படி எழுதிக் கொடுத்தால் சிவப்பு மசியில் சுழித்து ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன்.

பதின்மூன்று பேரின் கூழ் என்ன ஆயிற்று என்று கேட்கத் துணிவில்லை.

*

பூட்டிய கதவுக்கு எதிரே, வேலியோர நிழலில் ஒரு கிழவி பனங்கிழங்கு வைத்து விற்றுக்கொண்டிருந்தார். வேறு போக்கிடமில்லாமல் எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்தோம். வேகவைத்த கிழங்கு, மஞ்சள் நிறம், கையில் இன்னும் சூடு. நடுவில் கீறி, நரம்பை உருவி எறிந்துவிட்டு ஒடித்துக் கொடுத்தார். நார் பல்லில் சிக்கியது.

"எங்கேந்து வரீங்க எல்லாம்?"

"பாண்டியிலேர்ந்து, ஆயா. இந்தக் காட்டைப் பாக்க."

"காட்டையா?" கைவேலையை நிறுத்தாமல் சிரித்தார். "இதுல பாதிக் குழி நான் வெட்டனது."

பன்னிரண்டு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"அப்ப எனக்குத் தாவணி வயசு. கடப்பாறையும் கூடையுமா வருவோம், ஊரே வரும். கல்லு மாதிரி மண்ணு. மொத நாளு குழியில தண்ணி ஊத்தி வச்சுட்டுப் போவோம், ஊறனாத்தான் மறுநாளு கடப்பாறை எறங்கும். மழ பேஞ்சா அந்தாண்ட கடலு செவப்பா இருக்கும் தம்பி. ரத்தம் மாதிரி. மீன்காரங்க வந்து சொல்லுவாங்க."

"மரம் இவ்ளோ வரும்னு நினைச்சீங்களா ஆயா?" பிளஸ் டூ பெண் கேட்டது.

"கூலிக்கு வெட்டனோம் கண்ணு. மரம் வருமா வராதான்னு அவுங்க கவல." கொஞ்சம் யோசித்தார். "தண்ணி ஊத்தறதுதான் கஷ்டம். குழி ஒரு நாளு. தண்ணி தெனம்."

இந்த இடத்தைப் பற்றி நான் திரட்டி வைத்திருந்த எந்தத் தாளிலும் இந்த ஊர்ப் பெண்கள் இல்லை. எழுத்தில் விட்டுப்போனதை வாசகன் கண்டுபிடிக்க முடியாது. மெய்ப்புப் பார்க்கிறவனாலும் முடியாது. இருக்கிற சொல்லில்தானே பிழை தெரியும். பூட்டிய கதவுக்கு அன்றைக்கு நான் கடன்பட்டேன். கிழங்குக் கட்டுகள் மூன்று மிச்சமிருந்தன. பையன்கள் வாங்கிக் கேரியரில் செருகிக்கொண்டார்கள்.

*

கை கழுவ ஒரு காட்டுக் குடிலில் பார்த்தது: எவர்சில்வர் டம்ளரின் அடியில் ஆணியால் ஒரு துளை. பானையில் முகந்து மேலே உள்ள கொக்கியில் மாட்டினால் நூல் போல ஒழுகும். ஒரு டம்ளரில் இரண்டு கையும் சோப்புப் போட்டுக் கழுவி முடிந்து, கடைசிச் சொட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுச் சோப்பைத் தேடுகிற எனக்கு அந்தக் காத்திருப்பு நீளமாகத் தெரிந்தது.

*

இன்னொரு இடம், ஒரு வீடு கட்டும் மனை. மேஸ்திரி, 1989-இல் தொடங்கிய ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டில் வேலை பழகியவர். சுடாத கல். அங்கேயே தோண்டிய மண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் கலந்து, பிடித்தால் உருண்டையாகிற அளவுக்கு ஈரம் காட்டி, இரும்பு அச்சில் போட்டு நெம்புகோலால் அழுத்துகிறார்கள். சூளை இல்லை, விறகு இல்லை, புகை இல்லை. தோண்டிய பள்ளத்தை மூடுவதும் இல்லை. மழைநீர் தங்க அப்படியே விட்டுவிடுவார்களாம்.

நெம்புகோல் ஆளுயரம். பிளஸ் டூ பெண் தொங்கிப் பார்த்தது, நகரவில்லை. கல்லூரிப் பையனும் சேர்ந்து தொங்கினான். இறங்கியது. மூடியைத் திறந்ததும் அச்சிலிருந்து கல் மேலே எழும்பி வந்தது. 24 சென்டிமீட்டருக்கு 24, கனம் 9. புது வெல்லக்கட்டி போல ஈரமாக, விளிம்பு கூராக, மேலே நெல்மணி அளவு ஒரு சுக்காங்கல் வெள்ளையாக மின்னியது.

"ஓரத்தப் புடிக்காத பாப்பா. உள்ளங்கையில ஏந்து. இப்ப அது பச்சப்புள்ள."

ஏந்தி, நாலு எட்டு நடந்து, அடுக்கில் வைத்தது. வைத்த பிறகும் கையை எடுக்கப் பயந்து நின்றது.

"அவ்ளோதானா அண்ணே? கட்டலாமா?"

"எங்க கட்டறது. அழுத்தறது ரெண்டு நிமிசம். நனைக்கறது இருபத்தெட்டு நாள்." அடுக்கின் மேல் மூடியிருந்த சாக்கை விலக்கிக் காட்டினார். போன வாரத்துக் கல், அதற்கு முந்தைய வாரத்துக் கல், ஒவ்வொன்றின் நிறமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியிருந்தது. "பொங்கலுக்கும் வந்து நனைச்சேன். கல்லுக்குப் பொங்கல் தெரியாதே."

பேங்க் ஊழியர் ஒரு கல்லுக்கு என்ன விலை என்று கேட்டார். செங்கல்லைவிடக் கூடவா, குறைவா என்று இருவரும் மண்ணின் தரம், கூலி, அளவு என்று கொஞ்ச நேரம் வழக்காடினார்கள். முடிவு ஏற்படவில்லை.

*

இரும்பை போகும் வழியில் பேங்க் ஊழியரின் பின்சக்கரம் உட்கார்ந்தது. கியர் வண்டி, ஒல்லி டயர், காலையிலிருந்து எல்லோருக்கும் முன்னால் போய்த் திருப்பங்களில் பொறுமையில்லாமல் காத்திருந்த வண்டி. வேலிகாத்தான் முள்.

பஞ்சர் கடை அரைக் கிலோமீட்டர். கடைக்காரர் ட்யூபை உருவியதும் டயரின் உட்புறத்தில் ஆள்காட்டி விரலை மெல்ல ஓட்டினார், சுவரில் மின்வயர் தேடுகிறவர் மாதிரி. நின்றார். ஊசி முனையளவு முள்ளைக் குறட்டால் இழுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இத எடுக்காம ஒட்டுப் போட்டா பத்தடியில திரும்ப வருவீங்க." மிஞ்சியிருந்த காற்றோடு ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். வரிசையாகக் குமிழி. துடைத்து, உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை வெற்றிலை மடித்தார். ஒட்டினார். எல்லாம் சரி. பம்பை எடுத்தால் வால்வு பொருந்தவில்லை. அந்தச் சைக்கிளுக்கு ஊசி போல ஒல்லியான வேறு ஜாதி வால்வு.

"அடாப்டர் வீட்ல இருக்கு" என்றார் பேங்க் ஊழியர், தரையைப் பார்த்து.

கடைக்காரருக்கு அது அவமானமாகப் போயிற்று. பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். ரப்பரைச் சுற்றிப் பார்த்தார். காற்று சீறியதே ஒழிய ஏறவில்லை. காசும் வாங்க மாட்டேன் என்றார். கட்டாயப்படுத்திக் கொடுத்தோம். கியர் சைக்கிளை அவர் கடையிலேயே சாத்திவைத்தோம்.

அப்போதுதான் எங்களோடு வந்த புதுக்கோட்டை அக்கா தன் வாடகை சைக்கிளின் கேரியரைத் தட்டினார். "ஏறுங்க தம்பி."

பேங்க் ஊழியருக்கு நாற்பது வயதிருக்கும், நல்ல உடம்பு. அக்காவுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல். அவர் தயங்கியதைப் பார்த்து, "நான் கல் குவாரியிலேர்ந்து ரெண்டு பிள்ளைங்களையும் ஒரு குடத்தையும் வச்சு மிதிச்சவ. ஏறுங்க" என்றார்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பு அது. ஆயிரக்கணக்கில் பெண்கள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளிலேயே சேலையோடு ஏறினார்கள். படித்துத் தெரிந்த செய்தி. அந்த வரலாறு எனக்கு முன்னால், ஒரு பேங்க் ஊழியரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, செம்மண் பாதையில் சீராக மிதித்துப் போனது. காலையிலிருந்து நான் அவரைத் 'தாமதமாக வருகிறவர்' என்ற கணக்கில் வைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அவர் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒரே வேகம். மேட்டிலும் அதே, இறக்கத்திலும் அதே.

இரண்டு கிலோமீட்டர் தாண்டி டீக்கடையில் இறக்கிவிட்டபோது, "அடுத்து தம்பிங்க மாத்திக்குங்க" என்று பையன்களிடம் சொல்லிவிட்டு, டீக்குச் சர்க்கரை கம்மி என்றார்.

*

இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் நடை சாத்தியிருந்தது. மதில் நிழலில் படுத்தோம். சம்பந்தர் பாடிய தலம்.

கடுவெளிச் சித்தர் கதையைச் சொன்னேன். பஞ்சம். அவருடைய தவத்தின் உக்கிரம்தான் காரணம் என்று பயந்த மன்னன், தவத்தைக் கலைக்க ஒரு நாட்டியப் பெண்ணை அனுப்புகிறான். தவம் கலைகிறது, மழை வருகிறது. திருவிழாவில் அவள் ஆடும்போது சிலம்பு கழன்று விழ, சித்தர் எடுத்து அவள் காலில் பூட்டுகிறார். ஊர் சிரிக்கிறது. சித்தர் வெகுண்டு பாட, கருவறையில் லிங்கம் மூன்றாக வெடிக்கிறது. இந்த நிலம் பொட்டலாகட்டும் என்று சாபம். மன்னன் காலில் விழுந்து கெஞ்ச, தூர தேசத்திலிருந்து ஆட்கள் வந்து பச்சையாக்குவார்கள் என்று சாபவிமோசனம். வெடித்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் சேர்த்துக் கட்டிப் பூசை நடக்கிறது.

கடைசி வரி மட்டும் வேறு மசியில் எழுதியது போல எனக்கு எப்போதும் தோன்றும். தூர தேசத்து ஆட்கள் வந்து சேர்ந்த பிறகு யாரோ இடைச்செருகியிருக்கலாம், சொல்ல முடியாது. இருந்தாலும் அதை அடிக்க மனம் வருவதில்லை. ஒன்றே ஒன்று சேர்க்கலாம்: தூரத்திலிருந்து வந்தவர்களும், பக்கத்து ஊரிலிருந்து கடப்பாறையோடு வந்தவர்களும்.

செருப்பைத் தலைக்கு வைத்துப் பேங்க் ஊழியர் தூங்கிவிட்டார். அவரை எழுப்பாமல் இருபது நிமிஷம் அதிகம் தங்கினோம்.

*

மொரட்டாண்டி, பூத்துறை. குறிப்பேட்டு வேம்பு அங்கேயே இருந்தது. ஊசுட்டேரிக் கரையில் ஏறியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒரே ஏரி. பாதி புதுச்சேரிக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. இரண்டு அரசுகளும் தனித்தனியாகச் சரணாலயம் என்று அறிவித்திருக்கின்றன. சங்கராபரணியிலிருந்து வாய்க்கால் வழியாக வரும் தண்ணீருக்கோ, நாமக்கோழிகளுக்கோ அந்தக் கோடு எங்கே என்று தெரியாது. பிளஸ் டூ பெண் நாமக்கோழிகளை எண்ணத் தொடங்கி, நூறுக்கு மேல் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோய் விட்டுவிட்டது.

யாரும் அதிகம் பேசவில்லை. பையன்கள் மிச்சக் கிழங்கை எடுத்து ஒடித்துப் பகிர்ந்தார்கள். ஏரியைப் பார்க்கையில் எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 நவம்பர் முப்பதாம் தேதியை ஒட்டிய ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் தெருவில் இடுப்பளவு நின்றது. அந்தத் தண்ணீர் தங்கியிருக்க வேண்டிய பள்ளம் ஏதோ ஒரு காலத்தில் எங்கள் தெருவாகவே இருந்திருக்கலாம். ஆயி வீட்டைக் குளமாக்கினாள். நாங்கள் செய்தது எதிர்த்திசையில்.

காற்று எதிர்க்காற்றானது. மூலக்குளம் வழியாகத் திரும்பினோம். காலையில் முன்னால் போனவர்கள் இப்போது எனக்கு ஒரு சைக்கிள் முன்னால்தான். முன்னே, புதுக்கோட்டை அக்கா.

*

வாடகை சைக்கிள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது இரவு ஒன்பது. கடைக்காரர் எட்டையும் எண்ணினார். ஒவ்வொன்றாகப் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, சாய்ந்து, காதைக் கொடுத்துக் கேட்டார். மட்கார்டில் அப்பியிருந்த செம்மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். ஏழாவது வண்டி, அக்கா ஓட்டியது. மறுபடி சுற்றினார். மறுபடி கேட்டார்.

"டபுள்ஸ் அடிச்சீங்களா?"

சொன்னேன்.

ஸ்பேனரை எடுத்து நட்டைக் கழற்றினார். அச்சை உருவி, பால்ஸுகளை ஒரு தட்டில் மண்ணெண்ணெயில் கொட்டினார். கருப்பாகக் கலங்கியது.

"நாளைக்குப் பாத்துக்கலாமே. மணி ஒன்பது ஆச்சு."

"நாளைக்கு வேற ஒருத்தர் எடுத்துட்டுப் போவாரு சார்" என்று, ஒவ்வொரு பால்ஸாக விரலில் உருட்டித் துணியில் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வரிசையாக வைக்கத் தொடங்கினார். நான் உட்கார்ந்து எண்ணினேன்.